நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

செண்பகம் எழுதிய நாவலை உலகத்திலேயே ஒரே ஒருவர்தான் ஒழுங்காகப் படித்துவந்தார். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயசு, ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் சில குச்சிகள்தான். மின்நூல் போட்டிருந்த தளத்தில் எழுதினவர் பார்ப்பதற்கென்று தனியாக ஓர் இடம் உண்டு. அதைத் திறந்தால் நேற்று உங்கள் புத்தகத்தில் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று நாளுக்கு ஒரு குச்சியாக நிற்கும். செண்பகத்தின் குச்சிகள் பத்து, பன்னிரண்டு, ஒன்பது என்று தினமும் வளர்ந்தன. அவர் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கூட்டினால் நூற்று நாற்பத்து மூன்று என்று வந்த அன்றோடு அது நின்றுபோனது. புத்தகத்தில் மொத்தம் நூற்று எண்பத்தெட்டுப் பக்கம்.

இவ்வளவு தூரம் வந்தவர் மிச்சத்தை ஏன் படிக்கவில்லை? மூன்று வாரமாக இந்தக் கேள்விதான் அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

செண்பகத்துக்கு நாற்பத்தொரு வயசு. வீடு செவ்வாப்பேட்டையில். வேலை தேர்வாய் கண்டிகையில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில். காண்ட்ராக்ட் வேலைதான், ஆனால் ஆறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறாள். பட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாத பிசிறும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். வேலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் அவள் எழுதுவதெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். மூன்றாவது சீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டைவிரலால் போனில் தட்டித் தட்டி ஒரு முழு நாவலை எழுதி முடித்திருந்தாள். கூட வருகிற பெண்கள் அவள் யாருடனோ ஓயாமல் சாட் பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். கதை எழுதுகிறேன் என்று சொல்வதைவிட அது கௌரவமாகவே இருந்தது.

ஏனென்றால் கதை எழுதுகிறேன் என்று சொல்லி ஒருமுறை பட்டிருக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொந்தச் செலவில் முந்நூறு பிரதி அச்சடித்து, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வெளியீட்டு விழாவும் வைத்தாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கிப்போனார்கள். நல்லா இருக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். எந்த இடம் நல்லா இருக்கு என்று கேட்டால், எல்லாமேதான் என்றார்கள். மூன்று வருஷம் கழித்து ஒருநாள் சும்மா புரட்டியபோது, நாலாம் பக்கத்திலேயே கதாநாயகியின் பேர் மாறிப்போயிருந்ததைச் செண்பகமே கண்டுபிடித்தாள். பத்மா என்று அறிமுகமானவள் கோமதி ஆகியிருந்தாள், கடைசிவரை கோமதியாகவே வாழ்ந்தும் முடித்திருந்தாள். அதுவரை ஒரு ஆள் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதாவது நாலாம் பக்கத்தைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. செண்பகம் அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதாள். மீந்த கட்டுகள் பரண்மேல் ஏறின. ஒரே ஒரு பிரதிக்கு மட்டும் வேலை கிடைத்தது. ஆடிக்கொண்டிருந்த பிரிட்ஜின் காலுக்கு அது முட்டுக்கொடுக்கப் போனது.

இரண்டாவது நாவலை மகள் நந்தினிதான் மின்நூலாகப் போட்டுக்கொடுத்தாள். நந்தினி கல்லூரியில் முதல் வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டைப்படம், விவரம் எல்லாம் ஏற்றி முடித்தாள். கிண்டில் வைத்திருப்பவர்கள் எந்த ஊரிலிருந்தும் படிக்கலாம், அச்சகத்துக்காரன் வேண்டாம், விழா வேண்டாம், முக்கியமாகச் சொந்தக்காரர்கள் வேண்டாம் என்றாள். நாவலின் பேர் 'நாலு நாற்பது வண்டி'. விடியுமுன்னே தொழிற்சாலைக்குப் போகிற ஒரு பஸ்ஸும் அதில் போகிற பத்தொன்பது பெண்களும்தான் கதை. கம்பெனியில் யாருக்கும் தெரியக் கூடாது என்று செண்பகம் புனைபெயர் வைத்துக்கொண்டாள். வெண்பனி. சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு பேர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அச்சுப் புத்தகம் அவளிடம் மரியாதைக்குப் பொய் சொன்னது. இந்தக் குச்சிகளுக்கு அந்த மரியாதை தெரியாது. முதல் மாதத்தில் சிலர் மூன்று பக்கம் படித்துவிட்டு ஓடினார்கள். ஒருவர் ஒரே பக்கத்தோடு ஓடினார். பிறகுதான் இந்த ஆள் வந்தார், தினமும் பத்துப் பக்கம், சாப்பாட்டுக்கு வருகிற மாதிரி ஒழுங்காக. தன் எழுத்தை ஒரு மனுஷ ஜென்மம் நாள் தவறாமல் படிக்கிறது என்பதில் செண்பகத்துக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது. அந்த ஆளும் பாதியில் நின்றதும் அவள் உள்ளுக்குள் உடைந்துபோனாள். அடுத்த நாவல் போனில் பாதி எழுதிக் கிடந்தது. அதைத் தொடவில்லை. இவர் ஏன் நின்றார் என்று தெரியாமல் இனி ஒரு வரி எழுதுவதில்லை, தெரியவே இல்லையென்றால் இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் எழுதவில்லை, எல்லோரையும் போலத் தூங்கினாள்.

ஆனால் இன்ஸ்பெக்‌ஷன்காரியின் மூளை தூங்கவில்லை. பட்டையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிசிறு வந்தால் கோளாறு பட்டையில் இல்லை, அதை வார்க்கிற அச்சில் இருக்கிறது. அதனால் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை எடுத்து விரலை ஓட்டாத குறையாகச் சோதித்தாள். அது ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். எழுத்துப் பிழை இல்லை. பேர் எதுவும் மாறவில்லை. இந்தத் தடவை எந்தப் பத்மாவும் கோமதி ஆகியிருக்கவில்லை.

சரி, அச்சில் இல்லையென்றால் ஆளைப் பார்ப்போம் என்று குச்சிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குச்சி இல்லை. கரன்ட் வேலைக்காகக் கம்பெனியை ஒருநாள் மூடினார்களே, அன்றைக்கும் இல்லை. அவசர ஆர்டர் என்று அவள் ஷிப்ட் மட்டும் இரண்டு நாள் ஓவர்டைம் பார்த்தது. அந்த இரண்டு நாளும் குச்சி இருபதைத் தொட்டிருந்தது. செண்பகத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன்னைப் படிக்கிற ஆள் அமெரிக்காவில் இல்லை, இதே கம்பெனியில் இருக்கிறார், அதுவும் தன்னுடைய ஷிப்டிலேயே.

கம்பெனிக்குள் வேலை நேரத்தில் படிக்கக்கூடியவர் யார்? போனையே கேட்டில் பிடுங்கிவிடுகிறார்கள். டேப்லெட் வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவர் ஒரே ஒருவர்தான், ஷிப்ட் சூப்பர்வைசர் சரவணகுமார். இங்கேதான் செண்பகத்துக்குப் பயம் வந்தது. நாவலில் ஒரு சூப்பர்வைசர் வருகிறான். பேச ஆரம்பிக்குமுன் பேனாவை டிக் டிக் என்று அமுக்குகிறவன், லேட்டாக வந்த பெண்களை வரிசையில் நிற்கவைத்துத் திட்டுகிறவன். சரவணகுமாரின் பேனாவும் அப்படியே டிக் டிக். அந்தக் காட்சி வருவது நூற்று முப்பத்தெட்டில். தன்னைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்து, கோபத்தில் மூடி வைத்துவிட்டார் என்று செண்பகம் முடிவுகட்டினாள்.

முடிவுகட்டிவிட்டுச் சும்மா இருந்தாளா என்றால் இல்லை. பயத்தைவிட ஆர்வம் பெரிதாக இருந்தது. ஒருநாள் சரவணகுமார் பக்கத்தில் வந்து நின்றபோது, நாவலில் தனக்கு ரொம்பப் பிடித்த வரியைச் சும்மா பேசுகிற மாதிரி எடுத்துவிட்டாள். "மனுஷன் இன்னா ரப்பரா சார், இழுத்த இழுப்புக்கு வர்றதுக்கு?" அவர் முகத்தில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தாள். அவர் பேனாவை இரண்டு முறை அமுக்கிவிட்டு, அந்த லாட் நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்கக்கா என்றார். நகர்ந்தபோது அவர் கையிலிருந்த டேப்பில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் எந்தக் காலத்திலும் ஒரு புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார் என்பது அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

விடை கிடைத்தது ஒரு டிபன் டப்பாவால். காலை ஷிப்ட் வாரம், புதன்கிழமை. ஒன்பதரைக்கு நாஷ்டா நேரம். டப்பாவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது. கேட்டில் சொல்லிவிட்டு, வெளியே பஸ்கள் நிற்கிற மைதானத்துக்கு ஓடினாள்.

அவர்கள் பஸ்ஸின் டிரைவர் எபினேசர். ஐம்பத்திரண்டு வயசு. அதிகம் பேசமாட்டார். காலையில் இருபத்தாறு பெண்களையும் கேட்டில் இறக்கிவிட்டு, யாராவது தூங்கிப்போய் உள்ளேயே கிடக்கிறார்களா என்று ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துவிட்டு வருவார். அப்புறம் செக்யூரிட்டியிடம், இருவத்தாறு பேரும் எறங்கியாச்சு என்று வாயால் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுவார். நோட்டில்தான் எழுதியிருக்கிறதே என்று செக்யூரிட்டி சலித்துக்கொண்டாலும் விடமாட்டார். போன மார்கழியில் ஒருநாள், டயரில் காற்றுக் கம்மி என்று சீத்தஞ்சேரியில் வண்டியை நிறுத்தி எல்லோரையும் லேட்டாக்கியதைத் தவிர அவர்மேல் யாருக்கும் ஒரு குறை கிடையாது. அன்றைக்கு மட்டும் எல்லோரும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். செண்பகமும்தான்.

ஷிப்ட் முடிகிறவரை எட்டு மணி நேரம் அந்த மைதானத்தில் டிரைவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எபினேசர் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, மூக்குக்கு எட்டின தூரத்தில் ஒரு சின்னக் கருவியை நல்ல வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தார். மூலையில் கீறல் விழுந்த பழைய கிண்டில். போனாக இருந்தால் அந்த வெயிலில் ஒன்றும் தெரியாது. இதில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது, அதுவும் ஊர்ப் பேர்ப் பலகை மாதிரி கொட்டை எழுத்தில். பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் ஹெலன் புதிது வாங்கிக்கொண்டு பழையதை இவருக்குக் கொடுத்திருந்தாள். தூரப் பார்வை நன்றாக இருக்கிறது, கிட்டத்தில்தான் எழுத்து மங்குகிறது, பேப்பர் படித்து நாலு வருஷமாகிறது, இதில் எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

செண்பகம் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கும்போது, தற்செயலாகத் திரையின் உச்சியைப் பார்த்தாள். அங்கே வெண்பனி என்று இருந்தது.

 என்ன படிக்கிறீர்கள் என்று கேட்கும் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"கதைமா. நம்ம வண்டி மாதிரியே ஒரு வண்டி. பூண்டி ஏரிக்கரை, சீத்தஞ்சேரி எல்லாம் வருது. பஸ்னு போட்டுத் தேடிக்கினு இருந்தேன், இது வந்துச்சு. நம்ம ஊட்டுப் பொண்ணுங்க பேசற மாதிரியே பேசுதுங்க. மூணாவது வாட்டி படிக்கிறேன்."

ஒருமுறை படித்த பக்கத்தை அதே ஆள் மறுபடி படித்தால் தளம் கணக்கில் சேர்க்காது என்று நந்தினி எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. குச்சி நின்றுபோன மூன்று வாரமும் இவர் படித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"முடிவு எப்பிடிண்ணா?" என்றாள்.

"முடிவு படிக்கலமா."

"ஏண்ணா?"

எபினேசர் கருவியின் மூடியைச் சாத்தினார். "பனியில வண்டி ஏரிக்கரை மேல போய்க்கினு இருக்குது. டிரைவருக்குக் கண்ணு சொக்குது. அங்க வந்து நிறுத்திக்கீறாங்க. அடுத்த பக்கத்துல இன்னா வரும்னு வண்டி ஓட்டறவனுக்குத் தெரியாதாமா? நான் திருப்புனாத்தானே அந்தப் பொண்ணுங்க சாவும். திருப்பலன்னா பத்தொம்போது பேரும் வண்டியில குந்திக்கினு பேசிக்கினு இருக்கும். அதான் மறுபடி மொதல்லருந்து வரேன்."

செண்பகம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த அடுத்த பக்கத்தில் அவள் பதினோரு பேரைக் கொன்றிருந்தாள். கதை என்றால் கடைசியில் யாராவது சாகவேண்டும், படிக்கிறவர்கள் அழவேண்டும் என்று எங்கிருந்தோ படிந்துபோன ஒரு நினைப்பு. இதே பஸ்ஸில் வறுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டே, ஒரே நாளில் பதினோரு பேரையும் முடித்திருந்தாள். இரண்டு வருஷமாக எபினேசரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், எழுதின டிரைவரைத் தூங்கவைத்திருக்கிறாள், ஒருநாளாவது நிமிர்ந்து இந்த மனுஷனைப் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணா, அந்த வெண்பனி நான்தான்."

அவர் அவளைப் பார்த்தார். திரும்பி பஸ்ஸுக்குள் மூன்றாவது சீட்டைப் பார்த்தார். கண்ணாடியில் தினமும் பார்ப்பேன், யாருடனோ சாட் பண்ணிக்கொண்டு வருகிறாய் என்று நினைத்தேன் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. சாகிறார்களா என்று மட்டும் கேட்டார். பதினோரு பேர் என்றாள் செண்பகம். 

டிரைவர் தூங்குகிற மாதிரி எழுதியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவள் ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொய்யில்லமா அது. தூங்குவாங்க. போன மார்கழியில இன்னொரு டிரைவர் வரல, அவன் ட்ரிப்பையும் நானே ஓட்டிட்டு, அப்பிடியே உங்களை ஏத்த வந்தேன். ஏரிக்கரை மேல ஒரு செகண்டு கண்ணு மூடிச்சு. தொறந்தா முன்னாடி தண்ணி. ஒடிச்சுத் திருப்பிட்டேன். யாரும் பாக்கல, எல்லாம் தூங்கிக்கினு இருந்தீங்க. சீத்தஞ்சேரியில நிறுத்தி, காத்து கம்மின்னு பொய் சொன்னேன். குழாயில மூஞ்சி கழுவிக்கினு நிக்கறேன். நீங்கல்லாம் எறங்கி என்னைத் திட்டறீங்க. நீகூடத் திட்டுன. இருவத்தாறு பேரும் நின்னு திட்டறதைக் கேக்கறப்போ எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? இதை எம் பொண்ணாண்டகூடச் சொல்லல."

நாஷ்டா நேரம் முடிந்து மணி அடித்தது. செண்பகம் டப்பாவைத் திறக்காமலேயே திரும்பிப் போனாள்.  அந்த மார்கழிக் காலையில் ஏரிக்கரைமேல் அவளும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவள் கதையில் எழுதின அதே சாவு, நிஜத்தில் அவள் தூக்கத்தின் பக்கத்திலேயே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அவளோ எழுந்து, லேட்டாகிறது என்று கத்தியிருக்கிறாள்.

மறுநாள் மூன்றாவது சீட்டை விட்டுவிட்டு டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் சீட்டில் உட்கார்ந்தாள். எபினேசர் வாயின் ஓரத்தில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பதைப் பார்த்தாள். ஏரிக்கரை வருமுன் தன் பக்கத்துக் கண்ணாடியைத் திறந்து குளிர்காற்றை மூஞ்சியில் வாங்குவதைப் பார்த்தாள். கரை முடிகிறவரை அவர் யாரோடும் பேசுவதில்லை, கரை இறங்கியதும் ஒரு பெருமூச்சு விடுகிறார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போனை எடுத்து, மூன்று வாரத்துக்குப் பிறகு கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தாள்.

புது அத்தியாயம் இரண்டே நாளில் முடிந்தது. அதில் டிரைவர் ஒரு செகண்டு கண்ணை மூடுகிறார், திறக்கிறார். வண்டியை ஓரம்கட்டி, காற்றுக் கம்மி என்று பொய் சொல்கிறார். பத்தொன்பது பெண்களும் இறங்கி அவரைத் திட்டுகிறார்கள். கம்பெனிக்கு லேட்டாகப் போய் வரிசையில் நின்று, பேனா டிக் டிக் என்று அடிக்கத் தாங்களும் திட்டு வாங்குகிறார்கள். என்ன நடக்கவிருந்தது என்பது கடைசிவரை அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

இரண்டாம் தடவை ஏற்றுவதற்கு உட்கார்ந்த நந்தினி படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கிளைமாக்ஸே போச்சும்மா. யாரும் சாவல, ஆக்சிடென்ட் இல்ல, லேட்டா போய்த் திட்டு வாங்கறாங்க. இதுக்கா இவ்ளோ பக்கம்?" ஆமாம், இதுக்குத்தான் என்றாள் செண்பகம். நந்தினி முணுமுணுத்துக்கொண்டே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். மறுநாளே தளத்தில் மாறிவிட்டது. பரணைப் பார்த்தபோது செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. அங்கே கட்டுக் கட்டாகக் கிடக்கிற கோமதிகள் இனி எந்தக் காலத்திலும் பத்மாவாக முடியாது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எபினேசரின் கருவிக்குள் பழைய புத்தகம் அப்படியேதான் இருக்கும். அதை அழித்துவிட்டு மறுபடி இறக்கினால்தான் புதுசு வரும். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வண்டி ஏறும்போது இதைச் சொன்னாள். அவர் யோசித்தார். அழிச்சா அந்தப் பொண்ணுங்களும் போயிடுமே என்று தயங்கினார். வேறு வண்டியில் திரும்ப வருவார்கள் என்று செண்பகம் சொன்னாள். எப்படி அழிப்பது என்று ஹெலனைக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். 

திங்கட்கிழமையிலிருந்து மதிய ஷிப்ட்.  செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் செண்பகம் போனைத் திறந்தாள். திறக்கவே பயமாக இருந்தது. திங்கட்கிழமைக்கு நேராக ஒரு குச்சி, இதுவரை அவள் பார்த்ததிலேயே உயரமானது. மிச்சம் இருந்த பக்கங்கள் அத்தனையும் ஒரே நாளில். அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். எபினேசர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயோரத்தில் கிராம்பு.

கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். செண்பகம் மட்டும் போகாமல் ஓரமாக நின்றாள். எபினேசர் உள்ளே ஏறி ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். செக்யூரிட்டியிடம் போனார், இருவத்தாறு பேரும் எறங்கியாச்சு என்றார், கையெழுத்துப் போட்டார். பிறகு அவளிடம் வந்து, அதே குரலில், அதே மாதிரி ஒப்படைத்தார்.

"அந்த வண்டியில பத்தொம்போது பேரும் எறங்கியாச்சுமா."

 செண்பகம் தலையை ஆட்டினாள். போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகும்போது மூன்று நிமிஷம் லேட்டாகியிருந்தது. வாசலில் நின்ற சரவணகுமார் பேனாவை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டு திட்ட ஆரம்பித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுசாக நின்று கேட்டுவிட்டுத் தன் லைனுக்குப் போனாள்.